கடைசி ரீலும் கடைசி பஸ்ஸும்

தியேட்டர் வாசலில் டிக்கட் கிழிக்கிறவள் படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள்.

இது தெரியாமல், "உனக்கென்ன ஞானம்மா, தெனமும் ஓசியில படம்" என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் நுவரெலியாவில் ஏராளம். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை பரிமாறிவிட்டுப் பசியோடு வீடு திரும்பியவர்களும், திருவிழாக் கூட்டத்தில் ஊரார் செருப்புக்குக் காவல் இருந்தவர்களும் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்வார்கள். அவர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், டவுனில் இருந்த ஒரு தகரக் கூரைத் தியேட்டரில் பெண்கள் பக்கத்து வாசலுக்கு நான்தான் ராணி. டிக்கட்டைக் கிழிக்க வேண்டும், நனைந்த குடைகளையும் கம்பளிகளையும் வாங்கி அடுக்க வேண்டும், படம் முடிகிற நேரத்தில் அவரவர் குடையை அவரவர் கையில் கொடுக்க வேண்டும். எல்லாம் கறுப்புக் குடை. ஒன்று மாறினாலும் வாசலிலேயே குடுமிப்பிடிச் சண்டை. ஆகவே கடைசிக் கட்டத்தில் கதாநாயகி உள்ளே கதறிக்கொண்டிருக்கும்போது நான் வெளியே குடைக் குவியலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பேன். நுவரெலியாவில் குடை வேண்டாத நாள் ஏது? எந்தப் படத்தின் முடிவையும் நான் பார்த்ததில்லை.

அப்படி இருந்த காலத்தில்தான் அந்த சர்க்கஸ் படம் வந்தது. பாட்டென்றால் பாட்டு, அப்படிப் பாட்டு. கதை இவ்வளவுதான்: ஒரு பெண் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவுகிறாள். எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கி அவள் கையைப் பிடிக்கிறவன் அவளுடைய புருஷன். யாரோ மூட்டிவிட்ட கதையைக் கேட்டு அவன் அவள்மேல் சந்தேகப்படுகிறான், பேச்சு நின்றுவிடுகிறது. கடைசியில் கீழே வலைகூட இல்லாமல் அவள் தாவியாக வேண்டும். அவன் பிடிப்பானா, விட்டுவிடுவானா?

புடிச்சானா, இல்லியா?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காட்சி என்றால் தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் காட்சி. கந்தப்பளையிலிருந்தும் ராகலையிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். ஆனால் இந்தப் படத்தில் பாட்டு அதிகம், நீளமும் அதிகம். ராகலைக்குக் கடைசி பஸ் புறப்படுகிற நேரத்தில்தான் அந்தப் பெண் கடைசித் தாவலுக்கு ஏணியில் கால் வைப்பாள். பஸ்ஸைத் தவறவிட்டால் மறுநாள் விடியற்காலைப் பெரட்டு வரிசையில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்க முடியாது. பேர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஆகவே அவள் ஏணியில் ஏறும்போது இவர்கள் பெஞ்சிலிருந்து எழும்புவார்கள்.

அப்படி முதல் வாரமே என் முன்னால் வந்து நின்றவர்கள் மாரியாயியும் செல்லாயியும். இருவரும் ராகலைப் பக்கத்து ஒரே தோட்டம். மாரியாயி அங்கே சங்கத்தில் பெண்களுக்குத் தலைவி. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். செல்லாயி அதிகம் பேச மாட்டாள். "இந்தியாவுக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போன புருஷன் வராமலே போய்விட, கைக்குழந்தையாக இருந்த மகளைத் தனியாக வளர்த்தவள். அந்த மகளைத் தன் மகனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள் மாரியாயி. செல்லாயி மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"புடிச்சானா, இல்லியா அக்கா?" என்றாள் மாரியாயி, குடையை வாங்கிக்கொண்டே. எனக்குத் தெரியாது என்றேன். சிலுவை போட்டுச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சொல்ல மனசில்லன்னா சொல்லாதீங்க. இங்கயே குடியிருந்துக்கிட்டுத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க!"

வலை

படத்துப் பெண் முதல் தடவை தாவும்போது பெண்கள் பக்கம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. பிறகு கீழே கட்டியிருந்த வலையைக் காட்டினார்கள். அப்போது வந்த பெருமூச்சு வாசலில் நின்ற எனக்கே கேட்டது. இடைவேளையில் வடை வாங்க வந்த பெண்களிடம், "எவ்வளவு துணிச்சல் பாத்தீங்களா அவளுக்கு" என்று நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

செல்லாயி வடையைக் கடிக்காமல் யோசித்துக்கொண்டு நின்றாள். அவள் கொழுந்து எடுக்கிற ஆறாம் நம்பர் மலை கிட்டத்தட்டச் சுவர் மாதிரி நிற்கும் என்று மாரியாயி எனக்குச் சொல்லியிருக்கிறாள். மழையில், முதுகில் கூடையோடு, ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போக வேண்டுமாம். அப்படிப்பட்டவள் சொன்னதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"அவளுக்குக் கீழ வலையும் கட்டி, கையும் தட்டுறாங்க. நமக்கு ரெண்டும் இல்ல. ஆனா நாம விழுகிறதில்ல அக்கா."

உடுப்பு

ஊஞ்சல் ஏறுகிறவள் சேலை கட்டிக்கொண்டு ஏற முடியுமா? பளபளவென்று ஒரு குட்டை உடுப்பில் அவள் வந்து நின்றதும், கந்தப்பளையிலிருந்து வந்த ஒரு மாமியார் "சீ!" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த மருமகளின் கண்ணைத் தன் முந்தானையால் மூடிவிட்டார். தன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இரண்டு பாட்டும் ஒரு யானையும் போகும்வரை மருமகள் முந்தானைக்குள்ளேயே இருந்தாள். நான் அந்தப் பக்கம் போய், "பாவங்க அந்தப் புள்ள, காசு குடுத்து வந்திருக்கு" என்றேன்.

மாமியார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாவி முடித்தவள் கூடாரத்துக்குள் போய், அந்த உடுப்பைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு பழைய சேலையோடு வெளியே வந்து அடுப்பு மூட்டினாள். மாமியார் முந்தானையை எடுத்துவிட்டார். கொழுந்து மலையில் செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சாக்குத் துணி சுற்றிக்கொள்கிறார்களே, அதைப் படங்கு என்பார்கள். அந்த அம்மாவுக்கு அதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

"பாருடி, பாரு. அது உடுப்பு இல்ல, அவளோட படங்கு. வேலைக்குக் கட்டுறது."

கங்காணியார்

படத்தில் சர்க்கஸை நடத்துகிறவனுக்குக் கோட்டு, தலைப்பாகை, முறுக்கு மீசை, கையில் ஒரு சாட்டை. எங்கள் தியேட்டரில் ஆண்கள் பக்கத்து முன்வரிசையில் ஞாயிறு தவறாமல் வந்து உட்காருகிற கங்காணி ஒருவருக்கும் கோட்டு, தலைப்பாகை, மீசை எல்லாம் உண்டு. சாட்டைக்குப் பதில் ஒரு கைத்தடி. திரையில் அவன் வந்து அதட்டும்போதெல்லாம் பெண்கள் பக்கம் முழுக்க ஒரே திசையில் திரும்பும். திரையின் திசையில் அல்ல.

இடைவேளைக்குப் பிறகு பார்த்தால் தலைப்பாகை மடியில் இருந்தது, கைத்தடி நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. பஸ்ஸுக்கு எழுந்து போகும்போது என்னிடம் நேராக வந்தார்.

"ஞானம்மா, அடுத்த வாரம் எனக்குக் கடைசி வரிசையில ஒரு எடம் போடு. இவளுக படம் பாக்க வந்தாளுகளா, என்னயப் பாக்க வந்தாளுகளா?"

மெனிக்கே

மார்க்கட்டில் கோவா, கரட் என்று மரக்கறி விற்கிற சிங்களப் பெண் மெனிக்கேக்குத் தமிழில் விலை சொல்லத் தெரியும், பேரம் மறுக்கத் தெரியும், அவ்வளவுதான். தியேட்டர் வாசல் ஒலிபெருக்கியில் பாட்டைக் கேட்டு மயங்கி, ஒரு நாள் கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அந்தப் பெண் ஊஞ்சலை விட்ட ஒவ்வொரு தடவையும் மெனிக்கே இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "அனே தூவே, வெட்டென்ன எப்பா!" என்று கத்தினாள். ஐயோ மகளே, விழுந்துவிடாதே என்று அர்த்தம். அடுத்த வாரம் மெனிக்கே வரவில்லை. ஆனால் ராகலைப் பெண்கள் அத்தனை பேரும் தாவலுக்குத் தாவல் அதையே சிங்களத்தில் கத்தினார்கள்.

"கதை விளங்கியதா?" என்று, மெனிக்கே வந்த அன்று இடைவேளையில் அவளிடம் என் மார்க்கட் சிங்களத்தில் கேட்டேன். அவள் தன் மார்க்கட் தமிழில் பதில் சொன்னாள்.

"பாசை தெரியாது. அந்த மனிசன் சரியில்ல. அது தெரியும்."

தகரக் கூரை

எங்கள் தியேட்டரில் மழை வந்தால் படம் ஊமையாகிவிடும். கூரையில் விழுகிற சத்தத்தில் கதாநாயகன் காதலைச் சொல்கிறானா, கடனைக் கேட்கிறானா என்று தெரியாது. மூன்றாவது ஞாயிறு, படத்தின் பெரிய பாட்டு தொடங்குகிற நேரம் பார்த்து வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஆட்டக்காரிகள் எல்லாரும் வாயை வாயைத் திறக்கிறார்கள், ஒரு சொல் கேட்கவில்லை.

முதலில் மாரியாயிதான் எடுத்துக்கொடுத்தாள். அடுத்த அடிக்குப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். அதற்கடுத்த அடிக்குப் பெண்கள் பக்கம் முழுக்கப் பாடியது. கொழுந்து மலையில் வாரம் முழுக்கப் பாடிப் பழகிய பாட்டு அல்லவா? திரையில் உதடு அசைகிறதுக்குச் சரியாக, ஒரு சொல் பிசகாமல், மழைக்கு மேலே ஏறி நின்று பாடினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது என் வாசல் வழியாக உள்ளே போன கூட்டம் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பாதியில் மழை விட்டும் படத்தின் சத்தம் வரவில்லையே என்று மாடியில் மெஷின் ஓட்டுகிற தங்கராசுவிடம் ஓடினேன். அவன் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாந்தான் சத்தத்தக் கொறச்சிட்டேன் அக்கா. இவங்க பாடுறது நல்லாருக்கு."

இரண்டு கட்சி

இதற்குள் அந்த முடிவு தோட்டங்களில் பெரிய விவகாரமாகிவிட்டது. டவுனில் மாலைக் காட்சியில் முழுப் படமும் பார்த்த ஒரு தையற்கடைக்காரரின் மனைவி, தன்னிடம் மரியாதையாகக் கேட்டவர்களுக்கு "புடிச்சிட்டான்" என்றும், மரியாதையில்லாமல் கேட்டவர்களுக்கு "விட்டுட்டான்" என்றும் சொல்லி வைத்திருந்தாள். தங்கராசுவைக் கேட்டால், சொல்லக்கூடாது என்று முதலாளி உத்தரவு என்பான். தோட்டத்து லயன் வீடுகளில் பிடித்த கட்சி, விட்ட கட்சி என்று இரண்டு கட்சி. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட இதே பேச்சாம்.

மாரியாயி பிடித்த கட்சி. செல்லாயி விட்ட கட்சி. "ஆம்பள கைய விடுறதுக்குக் காரணமா வேணும்?" என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாளாம். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சும் அப்படியே நின்றுபோயிற்று. நாலாவது ஞாயிறு இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, வெவ்வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எனக்கே மனசு கேட்கவில்லை. "ஒரு சினிமாவுக்காகவா?" என்று மாரியாயியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"சினிமாவுக்கு இல்ல அக்கா. எவனும் கைய விட்டுருவான்னே நெனச்சிக்கிட்டு இருந்தா, எம் மகன எப்படி நம்பிப் பொண்ணு குடுப்பா?"

அரைப்பேர்

முடிவைப் பார்க்க முடியவில்லையே என்று பெண்கள் முணுமுணுப்பது முதலாளியின் காதுக்கும் போயிற்று. நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர். "பாட்டுல நாலஞ்சை வெட்டி எறி, பஸ்ஸுக்கு முந்தி படம் முடியட்டும்" என்று தங்கராசுவுக்கு உத்தரவு போட்டுவிட்டார். அது எப்படியோ ராகலைக்கு எட்டிவிட்டது.

அடுத்த ஞாயிறு பெண்கள் வந்தார்கள், ஆனால் டிக்கட் எடுக்கவில்லை. காலைப் பெரட்டில் நிற்கிற மாதிரியே தோட்டம் தோட்டமாக வரிசை கட்டி, குடை பிடித்துக்கொண்டு, தியேட்டருக்கு முன்னால் நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. என் வாசலில் கிழிக்க ஒரு டிக்கட்கூட இல்லை. முதலாளி வேர்த்துப்போய் வெளியே வந்தார். மாரியாயி ஓரடி முன்னால் வந்தாள். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் பாதி நாள் சம்பளம் மட்டும் எழுதுவதைத் தோட்டத்தில் அரைப்பேர் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவர்களுக்கு வயிறு எரியும்.

"நாங்க முழு டிக்கட் எடுக்குறோம். நீங்க பாட்ட வெட்டிட்டுப் படத்துக்கு அரைப்பேர் போடுறீங்களே, நாயமாங்க மொதலாளி?"

"அப்ப நான் என்ன, பஸ்ஸ மறிச்சு நிறுத்தவா?" என்றார் அவர்.

"பஸ்ஸ மறிக்க வேணாங்க. பாட்ட வெட்டவும் வேணாங்க. கடைசி ரீல மொதல்ல போடுங்க. பாத்துட்டு, பெறகு முழுசும் பாக்குறோம். பஸ் வர்ற நேரத்துக்கு நாங்க எந்திரிச்சிப் போயிர்றோம்."

முதலாளி சிரித்துவிட்டார். "முடிவத் தெரிஞ்சிக்கிட்டு எவ உக்காந்து படம் பாப்பா?" மாரியாயி சிரிக்கவில்லை.

"மாசி மாசக் காமன் கூத்துல யாரு எரியப் போறாருன்னு தெரியாமலா, வருசா வருசம் குந்திக்கிட்டு அழுவுறோம்?"

கடைசி ரீல்

முதலாளி தங்கராசுவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெண்கள் வரிசை கலையாமல் டிக்கட் எடுத்தார்கள். நான் வழக்கம்போல் குடைக்குக் கையை நீட்டினேன். மாரியாயி தன் குடையைக் கொடுக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு யாரும் குடை குடுக்காதீங்கடி. அக்காவும் உள்ள வந்து உக்காரட்டும். அவங்களும் பாக்கலியாம்ல?"

இத்தனை வாரமாக என்னை நம்பாதவள் அன்றைக்கு நம்பினாள். ஈரக் குடையும் கம்பளியுமாக எல்லாரும் மடியில் வைத்துக்கொண்டு நெருக்கி உட்கார, நடு பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்கள். என் உத்தியோகத்தில் முதல் தடவையாக நான் உட்கார்ந்து படம் பார்த்தேன். ஒரு பக்கம் மாரியாயி. இடம் போதாமல் மறுபக்கம் செல்லாயி.

திரையில் அந்தப் பெண் ஏணியில் ஏறினாள். கீழே வலையை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பாட்டு நின்றது, மேளம் நின்றது. எதிர் ஊஞ்சலில் அவன் தலைகீழாகத் தொங்கினான், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் ஊஞ்சலை விட்டாள். செல்லாயியின் விரல்கள் என் மணிக்கட்டில் அழுந்தியது எனக்கு வலித்தது. அந்தரத்தில் அவள் ஒற்றையாக வந்தாள்.

பிடித்துவிட்டான். இரண்டு கையாலும் பிடித்துவிட்டான். பெண்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. ஆண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் கங்காணியார் தலைப்பாகையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தார். நான் ஓவென்று அழுதேன், வெட்கமே இல்லாமல் அழுதேன். செல்லாயி மட்டும் அழவில்லை, கத்தவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு தங்கராசு முதல் ரீலை மாட்டினான், படம் ஆரம்பத்திலிருந்து ஓடியது. ஒருத்திகூட எழுந்து போகவில்லை. பாட்டுக்குப் பாடினார்கள், தாவலுக்குச் சிங்களத்தில் கத்தினார்கள். முக்கால்வாசிப் படத்தில், புருஷன் பேசாமல் போன பிறகு, அந்தப் பெண் கூடாரத்துக்குள் தனியாக உட்கார்ந்து விம்முகிற கட்டம் வந்தது. அந்த இடத்தில் எப்போதும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

என் பக்கத்தில் செல்லாயி எழுந்து நின்றாள். மடியிலிருந்த குடை தடாலென்று விழுந்தது. வாயே திறக்காத அந்த மனுஷி, திரையில் அழுகிறவளைப் பார்த்து, தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"ஏ புள்ள, அழுவாதடி! அவன் புடிச்சிருவான்! நாங்க பாத்துட்டுத்தான் உக்காந்திருக்கோம்!"

தியேட்டர் சிரித்தது, கைதட்டியது. மாரியாயி குனிந்து, விழுந்த குடையை எடுத்து ஈரத்தைத் தன் முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் செல்லாயியிடம் நீட்டினாள்.

"உக்காருங்க, சம்பந்தி. எல்லாம் நல்லபடியா முடியும்."

அத்தனை வருஷ உத்தியோகத்தில் முடிவு தெரிந்து நான் பார்த்த படம் அது ஒன்றுதான். அன்றைக்கு ஊரார் குடைத் தண்ணீரெல்லாம் சேர்ந்து நனைத்த என் சேலைக்கு மட்டும் இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை.